என் கைபேசியில் வேடியப்பன்கள்

என் கைபேசி கேலரியைத் திறந்தால் வரிசையாகக் கல்லாகத்தான் இருக்கும். வரப்போரத்துக் கல், புளியமரத்தடிக் கல், பாதி மண்ணில் புதைந்த கல், மஞ்சள் பூசி வேட்டி கட்டிய கல். எல்லாம் நடுகற்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டு பக்கம் இவை நிறைய. மாடு பிடிக்க வந்தவர்களைத் தடுத்தோ, ஓட்டிப்போன மாடுகளை மீட்கப் போயோ செத்துப்போனவனுக்கு ஊரார் நட்ட கல். பல ஊர்களில் வேடியப்பன் என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதிய ஒரு பழைய எழுத்து, வெட்டிய கற்களும் இங்கே உண்டு. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த வட்டாரத்துக் கற்களைத் தேடிப் படித்து வெளியிட்டது. நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை நாட்களில் கணவரோடு வண்டியில் போய் இந்தக் கற்களைப் பார்த்துப் படம் எடுத்து வருகிறேன்.

எடுப்பதைவிட, எடுத்ததை ஒழுங்காக வைப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். எந்த ஊர்க் கல் என்று சொல்ல முடியாத படத்தை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சாலையை அகலப்படுத்தும்போதோ, நிலம் கைமாறும்போதோ ஒரு கல் இடம் மாறிவிட்டால், அது முன்பு எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதற்குப் படம்தான் சாட்சி.

அதனால் ஒரு ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படம் எடுப்பேன். பலகை இல்லையென்றால் ஊராட்சி அலுவலகமோ ரேஷன் கடையோ, ஏதாவது ஒன்றில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். கேலரி நேர வரிசையில் அடுக்குவதால், அந்தப் பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் இருப்பதெல்லாம் அந்த ஊர். கேமரா அமைப்பில் லொகேஷனையும் போட்டு வைத்திருக்கிறேன். கைபேசி சிக்னல் இல்லாத காட்டிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு 15 செ.மீ. ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுப்பேன். பக்கத்தில் மட்டுமே, கல்லின் மேல் சாய்த்து வைப்பதில்லை. அது ஒரு குடும்பத்தின் சாமி.

வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே உட்கார்ந்துவிடுவேன். மறுநாள் ஆனால் எது எது என்ற நினைவு மங்கிவிடும். ஒரே கோணத்தில் எடுத்ததில் தெளிவானதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறேன். கல்லின் முழு உருவம், எழுத்து நெருக்கமாக, பின்னணியோடு தூரத்திலிருந்து, இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். தூரத்துப் படத்தைப் பலர் எடுக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியம், ஏரிக்கரையா, மந்தைவெளியா, மலையடிவாரமா என்று அதில்தான் தெரியும். அழித்தது குப்பைத்தொட்டியில் சில வாரம் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். ஆகவே அழிக்கத் தயங்க வேண்டியதில்லை.

அப்புறம் ஆல்பம். இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. கூகுள் போட்டோஸில் ஆல்பம் என்பது ஒரு அடையாளம் மட்டுமே. படம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரே படத்தை நாலு ஆல்பத்தில் சேர்த்தாலும் கூடுதல் இடம் பிடிக்காது. சாம்சங் போன்ற கைபேசிகளோடு வரும் கேலரியில் ஆல்பம் என்பது உண்மையான ஃபோல்டர். அதில் 'காப்பி' கொடுத்தால் இன்னொரு ஃபைல் உருவாகிவிடும். அதனால் கைபேசியின் கேலரியில் ஊருக்கு ஒரு ஆல்பம் என்று படங்களை 'மூவ்' செய்து வைக்கிறேன். கூகுள் போட்டோஸில் பொருள்வாரியாக ஆல்பம் வைத்திருக்கிறேன்: எழுத்துள்ளவை, எழுத்தில்லாதவை, வில் பிடித்தவர்கள், குதிரை வீரர்கள், நாய் உள்ளவை.

நாய்க்குத் தனி ஆல்பமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எடத்தனூர் நடுகல்லைச் சொல்வேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காத்துச் செத்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவன் நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்தது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டு கல்லில் நிலைத்திருக்கிறது. எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. அதனால் நானும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே உள்ள குறிப்புப் பகுதியில் ஊர், கல் நிற்கும் இடம், ஊரார் அதை என்ன பெயரில் கும்பிடுகிறார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். பின்னால் தேடும்போது 'புளியமரம்' என்று அடித்தால் போதும், வந்துவிடும். ஆனால் கூகுள் போட்டோஸில் எழுதும் குறிப்பு படத்தின் ஃபைலுக்குள் போய் உட்காருவதில்லை. மொத்தமாக எல்லாவற்றையும் தரவிறக்கினால் குறிப்புகள் தனி ஃபைல்களாகத்தான் வரும். ஆகவே ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறேன்.

எடிட் பற்றிப் பேசும் முன் ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி எடிட் அங்கேயே முடிந்துவிடுகிறது. உச்சிவெயிலில் தேய்ந்த எழுத்து கண்ணுக்கே தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் நிற்கும், எழுத்து எழுந்து வரும். நிழலில் இருக்கும் கல் என்றால் கணவர் அவர் கைபேசி டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து பிடிப்பார். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. பக்கவாட்டு ஒளியில் செங்குத்துக் கோடுகள் தெரியும், மேலிருந்து வரும் ஒளியில் படுக்கைக் கோடுகள் தெரியும். மூன்றையும் அடுத்தடுத்துத் தள்ளிப் பார்த்தால் ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் கிடைக்கும். கேமராவில் ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். அது நிழலை வெளுக்க வைக்கும், நமக்கு வேண்டியதே அந்த நிழல்தான்.

பிறகு கேலரியில் செய்வது கொஞ்சம்தான். முதலில் சாய்வை நேராக்குவேன், ஓரத்தை வெட்டுவேன். கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவேன், பாசியும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் வண்ணத்தில் கண்ணைக் குழப்பும், கறுப்பு வெள்ளையில் கோடு மட்டும் நிற்கும். கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏற்றுவேன். ஸ்னாப்சீட் செயலியில் ஸ்ட்ரக்சர் என்று ஒன்று உண்டு, நுணுக்கமான மேடுபள்ளத்தைத் தூக்கிக் காட்டும். அதை அளவோடு வைக்க வேண்டும், மீறினால் கல்லின் சொரசொரப்பே எழுத்து மாதிரித் தெரியத் தொடங்கிவிடும். இன்னொன்று: ஒளி கீழிருந்து விழுந்த படத்தில் வெட்டிய பள்ளம் மேடுபோலத் தோன்றும். நம் கண் ஒளி மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பள்ளம் பள்ளமாகிவிடும்.

எல்லாவற்றையும் 'சேவ் காப்பி' கொடுத்துத்தான் சேமிக்கிறேன். மூலப்படம் தொடப்படாமல் இருக்க வேண்டும். பொருளை அழிக்கும் கருவியையும், மங்கலைத் தெளிவாக்கும் செயற்கை அறிவுக் கருவியையும் இந்தப் படங்களில் நான் பயன்படுத்துவதே இல்லை. கல்யாணப் படத்தில் பின்னால் நிற்கும் நாற்காலியை அழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே அப்படியில்லை. வட்டெழுத்தில் 'ப'வும் 'வ'வும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், புள்ளியும் பெரும்பாலும் வைப்பதில்லை. மங்கலான இடத்தைச் செயலி தன் போக்கில் ஊகித்து ஒரு வளைவை நிரப்பினால், இறந்தவனின் பெயரே மாறிப்போகலாம். கல்லில் தேய்ந்திருந்தால் படத்திலும் தேய்ந்தே இருக்கட்டும், படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள்.

ஊர்க்காரர்களுக்கு அனுப்பும் படம் மட்டும் வேறு. ஒரு பெரியவர் என் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, எங்க சாமி அழுது வடியிற மாதிரி இருக்கே, மாலை எங்கே, மஞ்சள் எங்கே?" என்று கேட்டார். "இருங்க தாத்தா" என்று வண்ணப் படத்தைத் தேடி, வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி அனுப்பினேன். அவர் வீட்டுப் பூஜை அறைக்கு அதுதான் சரியான படம். இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் அலங்காரத்தோடு ஒரு நல்ல வண்ணப் படத்தைக் கட்டாயம் எடுத்து, பிரின்ட் போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இடப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றுவதெல்லாம் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கிறது, அதையே ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. படம் ஒன்று 4 எம்பி என்று வைத்தால் 3,700 சொச்சம் படத்தோடு முடிந்தது. ஆகவே மூலப்படங்களை மாதாமாதம் யூஎஸ்பி வயர் போட்டு ஹார்டு டிஸ்குக்கு மாற்றுகிறேன்.

கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆகத்தான் அனுப்ப வேண்டும். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எழுத்தின் ஓரம் கரைந்துவிடும், எடுத்த தேதியும் இடமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும், லொகேஷன் உட்பட. அதனாலேயே யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்து அனுப்ப வேண்டும். காவல் இல்லாமல் வயலில் நிற்கும் கல், தூக்கிக்கொண்டு போக ஆள் உண்டு. பொதுவில் போடும் படத்தில் லொகேஷனை நீக்கிவிடுகிறேன், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கல்லை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்றால் நானே கூட்டிப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் சாய்வெயில் கிடைக்கும்.