14 வயதுக்கு வேறு கணக்கு

"அம்மா, எனக்குப் புரதப் பவுடர் வாங்கிக் கொடு" என்றான் மகன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பந்து விளையாடும் பையன்கள் அவனை 'ஈர்க்குச்சி' என்கிறார்களாம். உயரம் 160 செ.மீ., எடை 43 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தேன்: 16.8. பெரியவர்களுக்கு 18.5க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. அன்றிரவு நான் தூங்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் குழந்தை மருத்துவர் வளர்ச்சி வரைபடத்தை விரித்தார். வளரும் பையனை அதே வயதுப் பையன்களோடுதான் ஒப்பிட வேண்டுமாம். நூறு பேரை இந்த எண்ணின்படி வரிசையாக நிறுத்தினால், 5ஆம் இடத்திலிருந்து 85க்குள் இருப்பது ஆரோக்கியம். இவன் அதற்குள்தான் இருக்கிறான். எத்தனை பிள்ளைகளைப் பெரியவர்களின் அளவுகோலால் அளந்து வாட்டுகிறோம்!

பவுடர் வாங்கவில்லை. நேற்று நெத்திலிக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.