போர்டு இல்லாத ரூம்

"மாணவர் கவுன்சிலிங் மையம்"னு போர்டு மாட்டுன முதல் வாரம் வந்தவங்க அஞ்சு பேரு. அஞ்சு பேருமே தம்பிக்கு இவ்ளோ கட் ஆஃப், எந்த காலேஜ் கிடைக்கும் மிஸ்னுதான் கேட்டாங்க. நம்ம ஊர்ல கவுன்சிலிங்னா இஞ்சினியரிங் சீட்டு, வேற என்ன நினைப்பாங்க.

தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ்ல ஆறு வருஷம் மனநல ஆலோசகரா இருந்தேன். எனக்கு குடுத்த ரூம் ஆபீசுக்கு நேர் எதிர்ல, ஃபீஸ் கட்ட நிக்கிற க்யூ மொத்தமும் யாரு உள்ள போறான்னு பாக்கும். போதாததுக்கு வாசல்ல ஒரு நோட்டு, பேரு, டிபார்ட்மென்ட், வந்த காரணம் எல்லாம் எழுதணும்னு சொன்னாங்க, நானும் யோசிக்காம வெச்சுட்டேன். பாலக்கோட்டுல இருந்து வர்ற ஒரு பையன் "தூக்கம் வரல"ன்னு எழுதிட்டு உள்ள வந்து முக்கா மணி நேரம் பேசுனான். மறுநாள் அவன் கிளாஸ் போர்டுல யாரோ அதை அப்படியே எழுதி வெச்சிருக்காங்க. அப்புறம் அவன் வரவே இல்ல, என்னை பாத்தாலே வேற வழியா போயிடுவான். அது என் தப்பு, இன்னைக்கும் மனசு அறுக்குது.

நோட்டை எடுத்துட்டேன். கெஞ்சி கூத்தாடி லைப்ரரிக்கு பின்னாடி ஒரு சின்ன ரூம் வாங்குனேன், போர்டே வேணாம்னுட்டேன். பையன் என்ன சொன்னான் மேடம்னு சார்ங்க வந்து கேப்பாங்க, அக்கறைலதான் கேக்குறாங்க, ஆனா உயிருக்கு ஆபத்துன்னா உடனே சொல்றேன் சார், மத்ததெல்லாம் அவனோடதுன்னு சொல்லிடுவேன். 2017 மனநல சட்டத்துலயே அந்த ரகசியம் உரிமையா இருக்கு. நூறு பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல ஆலோசகர் இருக்கணும்னு 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, ரொம்ப சந்தோஷம், ஆனா ஆளை போட்டா மட்டும் பத்தாது, அந்த ரூம் எங்க இருக்குன்னு பாருங்க.

பென்னாகரம் பக்கத்து புள்ள ஒண்ணு. அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, இவ பாட்டிகூட. மூணு வாரமும் வயித்து வலின்னு மட்டும்தான் சொன்னா, ஐடி கார்டு கயித்தை விரல்ல சுத்திக்கிட்டே இருப்பா, விரல் நுனி வெளுத்துப் போற வரைக்கும். நாலேகால் பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறரைக்கு, அதனால மனசு திறக்குற நேரத்துல மணிய பாத்து எந்திரிச்சிடுவா. நாலாவது வாரம் கதவுகிட்ட நின்னுகிட்டு, "பாட்டி தூங்குனதுக்கு அப்புறம்தான் மிஸ் பயமா இருக்கு, இருந்து என்னத்துக்குன்னு தோணுது"ன்னா. அன்னைக்கு பஸ் போனா போவட்டும்னு உக்கார வெச்சு நேராவே கேட்டேன், சாகணும்னு தோணுதான்னு. கேட்டா தூண்டி விட்ட மாதிரி ஆயிடும்னு நிறைய பேரு பயப்படுறாங்க, அப்படி ஆகாது. அவ அழுதுட்டு தலையாட்டுனா.

பாட்டிகிட்ட பேசவான்னு கேட்டு, அவ சரின்னதும் நானே ஊர் வரைக்கும் கூட போனேன். மறுநாள் தர்மபுரி ஜிஎச்ல ஓபி சீட்டு போட்டு, மனநல டாக்டர் கூப்பிடுற வரைக்கும் பெஞ்சுல மூணு பேரும் உக்காந்திருந்தோம். "பைத்தியம்னு சொல்லிடுவாங்களா கண்ணு"ன்னு பாட்டி என்கிட்ட கேட்டாங்க, காய்ச்சலுக்கு வர்ற மாதிரிதான் பாட்டின்னேன். ராத்திரில பயமா இருந்தா கூப்பிடுன்னு 14416 குடுத்தேன், டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். அவ அதை போன்ல "ஜெராக்ஸ் கடை"ன்னு சேவ் பண்ணிக்கிட்டா, பெரியப்பா பையன் போனை எடுத்து பாப்பானாம்.

அடுத்த செமஸ்டர்ல ஒருநாள் மதியம் லைப்ரரி பக்கமா வந்து எட்டிப் பாத்தா. கூட இன்னொரு பொண்ணு, தலைய குனிஞ்சுக்கிட்டு.

"மிஸ், இவளுக்கும் வயித்து வலியாம்."