அம்மாவுக்கு வென்டிலேட்டர் எடுத்த கதை

“ட்யூபை எப்ப டாக்டர் எடுப்பீங்க?” ஐசியூ வாசலில் ஐந்து நாளும் நான் கேட்டது இந்த ஒரே கேள்விதான். அம்மாவுக்குக் கடுமையான நிமோனியா, ஏற்கெனவே பலவீனமான இதயம் வேறு. தொண்டை வழியாகப் போட்ட ட்யூபில் வென்டிலேட்டர் மெஷின்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் டாக்டர் சொன்னார்: “தேதியெல்லாம் சொல்ல முடியாதுங்க. தினம் காலையில ஒரு பரீட்சை வைப்போம். பாஸானா எடுத்துடலாம்.”

மெஷினை விட்டுத் தானாக மூச்சு விடப் பழக்குவதை வீனிங் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதற்கும் இதே சொல்தானாம்.

பரீட்சைக்கு முன்னால் மயக்க மருந்தை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் அம்மா கண் விழித்தார், முகத்தைச் சுளித்தார், கை நேராக ட்யூபுக்குப் போனது. எனக்குத் தாங்கவில்லை. “மறுபடி தூங்க வைங்க சிஸ்டர்” என்று சண்டையே போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூச்சு விடும் வேலை முழுவதையும் மெஷினே செய்துகொண்டிருந்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் சில நாட்களிலேயே இளைத்துவிடுமாம். நான் இரக்கம் என்று நினைத்துக் கேட்டது அம்மாவை இன்னும் பலவீனமாக்கியிருக்கும்.

மெஷின் தரும் காற்றில் ஆக்சிஜன் தேவை 40 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் மருந்தில்லாமல் நின்றது. சரி என்று மெஷினின் உதவியை மிகக் குறைவாக வைத்தார்கள். குறைந்தது அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். டாக்டர் ஒரு கணக்குப் போட்டார்: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று போகிறது என்பதால் வகுப்பது. 1991-இல் யாங், டோபின் என்ற இருவர் வெளியிட்ட கணக்காம். 105-க்குக் கீழே இருந்தால் நல்லது. அம்மாவுக்கு 36 மூச்சு, ஒவ்வொன்றும் கால் லிட்டர். 144. நாய் இளைப்பது போல மேலோட்டமான மூச்சு. எண் எனக்குப் புரியவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்ததும் நெற்றியில் வியர்வை பூத்ததும் புரிந்தது. இருபதாவது நிமிடம் பழையபடி மாட்டிவிட்டார்கள்.

நான் உடைந்துபோனேன். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. “இன்னைக்கு முழுக்க அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். ஏன் ஃபெயில் ஆச்சுன்னு நாங்க பார்க்கிறோம்” என்றார். காரணம் நுரையீரலில் மட்டும் இல்லை. மெஷின் காற்றை உள்ளே தள்ளும்போது அந்த அழுத்தம் இதயத்துக்கும் ஒருவகையில் முட்டுக்கொடுக்கிறது. அதை எடுத்ததும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி, பலவீனமான இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. அம்மாவின் கால்கள் வீங்கியிருந்ததை நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், படுத்தே கிடப்பதால் என்று நினைத்துக்கொண்டு. சிறுநீர் போக ஊசி போட்டு இரண்டு நாளில் நீரை வடித்தார்கள்.

எட்டாம் நாள் மறுபடியும் பரீட்சை. இந்த முறை 24 மூச்சு, ஒவ்வொன்றும் 0.4 லிட்டர், கணக்கு 60. அரை மணி நேரமும் நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ட்யூபைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை இறக்கி, பக்கவாட்டில் காற்று கசிகிறதா என்று பார்த்தார்கள். கசியாவிட்டால் தொண்டை வீங்கியிருக்கலாமாம். “அம்மா, நல்லா இருமுங்க” என்றார் சிஸ்டர். இருமினார். சளியை உறிஞ்சிவிட்டு ட்யூபை உருவ ஒரு நொடிகூட ஆகவில்லை.

உடனே முகத்தில் இறுக்கமாக, காற்றை அழுத்தத்தோடு தள்ளும் ஒரு மாஸ்க். இதயம் பலவீனமானவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகவே போடுவார்களாம். அம்மா தண்ணீர் கேட்டார். விழுங்க முடிகிறதா என்று பார்க்கும்வரை கிடையாது என்று உதட்டை மட்டும் ஈரப்பஞ்சால் துடைத்தார்கள். முதல் 48 மணி நேரம், திரும்ப ட்யூப் போட வேண்டிவருமோ என்ற பயத்தில் நான் தூங்கவில்லை.

ட்யூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் அது இருந்தவரை அம்மாவால் பேச முடியவில்லை. ஏழாம் நாள் அட்டையில் கோணலாகக் ‘கண்’ என்று எழுதிக்காட்டியிருந்தார். கண் எரிகிறது போல என்று சொட்டு மருந்து போடச் சொன்னேன். குரல் கரகரவென்று திரும்பியதும் முதலில் என்னைத்தான் திட்டினார். கேட்டது கண்ணாடியை. அது எட்டு நாளாக என் பைக்குள்ளேயே கிடந்தது.