காது விடைக்கும் வரை

கலைமான் வந்து நின்றபோது விடிந்தும் விடியாத நேரம். கிழக்கு டெக்சாஸில் ஒரு பரண். பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்பாக்கியைத் தூக்கினார், ஆனால் சுடவில்லை.

கிளைவிட்ட கொம்பென்றால், இந்தக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) இரு கொம்புக்கும் இடையே உட்புற அகலம் 13 அங்குலமாவது இருந்தால்தான் சட்டப்படி சுடலாம். அளவுகோல் மானின் தலையிலேயே இருக்கிறது. காதை விடைத்தால் நுனிக்கு நுனி ஏறக்குறைய அதே 13.

காத்திருந்தோம்.

சருகு சலசலத்தது. காதுகள் விடைத்தன. கொம்பு இரண்டும் காதுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

"சின்னது. வளரட்டும்."

சுற்றுவட்டாரத்தில் ஓர் அதிகாரிகூட இல்லை. சுட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை. இந்த அரை நிமிடப் பொறுமையை நம்பித்தான் இளம் கலைமான்கள் உயிரோடு திரிகின்றன.

வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு, அது ஓடக்கூட இல்லை, நடந்தே போனது.