சாகாவில் பினாங்குக்கு: புரோட்டோனின் கெட்ட பெயர் நியாயமானதா?

எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தாலே, மலேசியாவின் தேசியக் காரான புரோட்டோனை வைத்து இரண்டு கட்சி உருவாகிவிடும். "புரோட்டோனா? வேண்டவே வேண்டாம், அது மைலோ டின்" (மைலோ டப்பா மாதிரி மெல்லிய தகரம் என்ற கேலி) என்பது மாமா கட்சி. அதில் அத்தை, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்த்தி. எதிர்க்கட்சியில் அப்பா மட்டும்தான். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்குக் குடிவந்து, லோரி ஓட்டி, காசு சேர்த்து அவர் வாங்கிய முதல் கார் புரோட்டோன் சாகா. அதைப் பற்றி யாராவது குறை சொன்னால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.

இந்த முறை சண்டைக்குக் காரணம் தம்பி. சித்தப்பா மகனான அண்ணன் தன் 2020ஆம் ஆண்டு சாகாவை விற்கப் போகிறார். தம்பிக்கு அதன்மேல் கண். மாமா கட்சி ஒரே குரலில் மறுத்தது. "சும்மா வாய்ச்சண்டை எதுக்கு? பினாங்குக்குத்தானே போறீங்க, இதையே எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க" என்று அண்ணன் சாவியை நீட்டிவிட்டார். அப்பா, தம்பி, நான் மூவரும் விடியற்காலையில் கிளம்பினோம். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஒரு காரைப் புரிந்துகொள்ள அந்தத் தூரம் போதாது. ஆனால் ஒரு காரின் பெயர் எங்கே கெட்டது என்று விசாரிக்க வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைவிட நல்ல வழி இந்த நாட்டில் இல்லை. புரோட்டோனின் தொழிற்சாலை, பழைய கார் உதிரிபாகக் கடைகள், நாற்பது ஆண்டுகளாக அந்தக் கார்களைத் திறந்து மூடும் பட்டறைகள், எல்லாமே இந்த வழியில் கிடைக்கும்.

ரவாங் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இஞ்சின் சத்தம் காருக்குள் வந்துவிட்டது. 1.3 லிட்டர் இஞ்சின், நான்கே கியர். 110-இல் போகும்போது முன்சீட்டில் இருப்பவரிடம் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். இது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தம் வேறு, வழியில் நின்றுபோவது வேறு. மாமா கட்சி இந்த இரண்டையும் எப்போதும் ஒன்றாகக் கலந்துதான் பேசும். திருப்பங்களில் கார் தரையைப் பிடித்துக்கொண்டு போன விதத்தைப் பற்றி அந்தக் கட்சியில் யாரும் பேசிக் கேட்டதில்லை. 1996இல் பிரிட்டனின் லோட்டஸ் கார் நிறுவனத்தை வாங்கியதில் புரோட்டோனுக்குக் கிடைத்த உருப்படியான சொத்து இதுதான். சஸ்பென்ஷன் விஷயத்தில் இந்த விலையில் இவ்வளவு நிதானமான கார் அபூர்வம்.

பெர்னாம் ஆற்றைக் கடந்தால் பேராக். கடந்த உடனே தஞ்சோங் மாலிம். முதலில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும், பாவ் என்ற ஆவியில் வெந்த ரொட்டிக்கும் பேர்போன ஊர், இப்போது கார் ஊர். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பாவ் வாங்கிக்கொண்டு, தொழிற்சாலை இருக்கும் புரோட்டோன் சிட்டி பக்கம் ஒரு சுற்று சுற்றினோம். உள்ளே போகும் அனுமதியெல்லாம் எங்களுக்கு ஏது? வேலிக்கு வெளியே காரை நிறுத்தி, தம்பிக்கு அப்பா கதை சொன்னார்.

கதை 1983இல் தொடங்குகிறது. தேசியக் கார் வேண்டும் என்று அப்போதைய பிரதமர் மகாதீர் முடிவெடுத்து, மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து நிறுவனம் உருவானது. 1985 ஜூலையில் ஷா ஆலாம் தொழிற்சாலையின் முதல் சாகா விற்பனைக்கு வந்தது. பெயர்தான் சாகா. உள்ளே இருந்ததெல்லாம் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. அடுத்து வந்த இஸ்வாரா, 1993இன் வீரா எல்லாம் அதே வம்சம். இஞ்சின், கியர்பெட்டி எல்லாமே ஜப்பானில் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. டாக்சிக்காரர்கள் அந்த இஸ்வாராவை ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் ஓட்டினார்கள். இன்றும் கம்பத்து, அதாவது கிராமத்து, சாலைகளில் செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு ஓடும் பழைய சாகாக்களைப் பார்க்கலாம். அப்பாவின் பிடிவாதத்துக்கு அடித்தளம் இந்தத் தலைமுறைக் கார்கள்தாம். அந்த அளவில் அவர் சொல்வது முழுக்கச் சரி.

கெட்ட பெயர் அதற்குப் பிறகு வந்தது. 2000இல் வந்த வாஜா, புரோட்டோன் தானே வடிவமைத்த முதல் கார். 2004இல் தஞ்சோங் மாலிமில் முதன்முதலாக உருவான ஜென்-2, சொந்த இஞ்சினான கேம்ப்ரோவோடு வந்தது. சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற வெறி எனக்குப் பிடிக்கும். அந்தத் துணிச்சலைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ஒரு காரைச் சொந்தமாக வரைவது வேறு, அதன் ஆயிரக்கணக்கான பாகங்களும் பத்து வருஷம் தாங்கும்படி பார்த்துக்கொள்வது வேறு. இரண்டாவது வேலையில்தான் சறுக்கல். பவர் விண்டோ அதன் அடையாளமாகிப் போனது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் பிளாஸ்டிக் உடையும், கேபிள் அறுந்துபோகும், மோட்டார் முனகும். டோலில் கண்ணாடியை இறக்காமல், கதவைத் திறந்து கட்டண அட்டையைத் தொடும் ஓட்டுநரை நாடே புரோட்டோனோடு சேர்த்துப் பேசியது. ஒரு சின்னப் பாகம்தான். ஆனால் இந்த வெயிலிலும் மழையிலும் ஓட்டுபவர் தினமும் தொடும் பாகம். இஞ்சினில் வரும் கோளாறைவிட அது பெயரை அதிகம் கெடுத்தது என்றால் ஆச்சரியமில்லை.

தாப்பா ஓய்விடத்தில் தே ஓ ஐஸ் குடித்துவிட்டு ஈப்போவுக்கு விட்டோம்.

ஈப்போ புந்தோங்கில் அப்பாவுக்குப் பழைய பழக்கமுள்ள ஃபோர்மேன் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். கச்சாங் பூத்தே என்ற கடலைப் பலகாரம் வறுக்கும் வாசனை காற்றில் வரும் தெரு. பட்டறைக்குள் நின்றவற்றில் பாதி புரோட்டோன், கிட்டத்தட்ட மீதி முழுக்க இன்னொரு மலேசியக் காரான பெரோடுவா. தம்பி நேராகவே கேட்டான்: "அண்ணே, புரோட்டோன் நம்பி வாங்கலாமா?"

அவர் சிரிக்கவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்த வருஷம்? எந்த இஞ்சின்? எந்த கியர்பாக்ஸ்? அதைச் சொல்லாம இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது தம்பி" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். பழைய மிட்சுபிஷி இஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றினால் போதும். முதல் கேம்ப்ரோவில் நடு வேகத்தில் இழுவை குறைந்துபோகும் பிரச்சினை இருந்தது, பின்னால் வந்த வடிவங்களில் அதைத் திருத்திவிட்டார்கள். டர்போ வைத்த கேம்ப்ரோ பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் மாறியது. புரோட்டோனின் எக்சோராவிலும் பிரெவேயிலும் வந்த இஞ்சின் அது. எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் ரப்பர் ஹோஸ் சூட்டில் இறுகி ஒழுகத் தொடங்கும். ஓட்டுபவர் கவனிக்காமல் விட்டால் எண்ணெய் வற்றி இஞ்சினே போய்விடும். "ஒரு ரப்பர் ஹோஸ் மாத்த ஆகுற காசு எவ்வளவு? அதால போன இஞ்சின் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு எங்களையே பார்த்தார். பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பெட்டியும் அவருடைய புகார்ப் பட்டியலில் உண்டு. இரைச்சல், உதறல், எண்ணெயை நேரத்துக்கு மாற்றாத ஓட்டுநர்கள் என மூன்றையும் சேர்த்தே சொன்னார். சாகாவில் 2019இல் அதை எடுத்துவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவைப் போட்டார்கள். நாங்கள் ஓட்டிவந்த காரில் இருந்தது அதுதான். நெடுஞ்சாலையில் சத்தம் போட்டதும் அதுவே. "சத்தம் போடட்டும், உதறாது" என்றார்.

நான் கேட்க நினைத்திருந்தது வேறு ஒரு கேள்வி. பெரோடுவாவும் உள்ளூர்க் கார்தானே? 1994இல் கன்சில், 2005இல் மைவி. அதே நாட்டுத் தொழிலாளர்கள், அதே வெயில், பல பாகங்களுக்கு அதே உள்ளூர்ச் சப்ளையர்கள். பிறகு ஏன் மைவிக்குப் பழைய கார்ச் சந்தையில் அவ்வளவு மதிப்பு? 2006இல் பெரோடுவா விற்பனையில் புரோட்டோனை முந்தியது, அதன்பின் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை.

பெரோடுவாவின் ஜப்பானியக் கூட்டாளியான டைஹாட்சுவைச் சுட்டி ஃபோர்மேன் சொன்ன பதில் சுருக்கமானது: "அங்க டைஹாட்சுக்காரன் ஒவ்வொரு பார்ட்ஸையும் பார்த்து, சரின்னாதான் சரி."

யோசிக்க யோசிக்க இதுதான் விஷயத்தின் மையம் என்று எனக்குப் படுகிறது. "உள்ளூர்க்காரனுக்குச் செய்யத் தெரியாது" என்ற பேச்சு பொய். மைவி ஒன்றே அதற்குச் சாட்சி. புரோட்டோனில் நடந்தது வேறு. உள்ளூர்த் தொழில்களை வளர்க்க வேண்டும் என்ற கொள்கையின்படி ஒரு பாகத்துக்குப் பெரும்பாலும் ஒரே சப்ளையர். அவர் தரக்குறைவாகக் கொடுத்தாலும் மாற்று ஆள் இல்லை. வெளிநாட்டுக் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் விலையை எங்கேயோ ஏற்றி வைத்ததால், வாங்குபவருக்கும் மாற்று வழி இல்லை. சப்ளையருக்குப் பயமில்லை, நிறுவனத்துக்கும் பயமில்லை. பவர் விண்டோ உடைந்தது அந்தப் பயமின்மையால். அதற்கான செலவை ஏற்றது யார்? ஏழு வருஷம், ஒன்பது வருஷம் என்று வங்கிக் கடனில் கார் எடுத்த, மாதச் சம்பளத்தில் அதைக் கட்டிய சாதாரணக் குடும்பங்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். கார் மோசம் என்பதைவிட, வேறு எதுவும் வாங்க வசதியில்லாதவரிடம் அந்தக் காரை விற்றுவிட்டு அலட்சியமாக இருந்தது மோசம்.

ஃபோர்மேன் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். புரோட்டோன் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய எந்தச் சின்ன ஊரிலும் ஆள் உண்டு. பாகம் மலிவு. புதிது வேண்டாமென்றால் பழைய பாகம் விற்கும் பொத்தோங் கடையில் இன்னும் மலிவு. அடிக்கடி கெடுவது ஒரு குறை என்றால், சொற்பக் காசில் அன்றைக்கே சரியாவது ஒரு நிறை. தோட்டத்திலிருந்து வெளிவந்த எங்கள் ஆட்கள் அந்தக் காரை விடாமல் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது வரும் எக்ஸ்70, எக்ஸ்50 மாதிரிக் கார்களில் நிலைமை தலைகீழ் என்றார் அவர். 2017இல் சீனாவின் கீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய பிறகு வந்த வண்டிகள். ஓட்ட அருமை, உள்ளே வசதி, ஆனால் ஏதாவது போனால் பாகம் வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அவருடைய வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்களாம். எது மேல் என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. மக்கள் என்னவோ திரும்பி வந்துவிட்டார்கள். 2018இல் 65 ஆயிரத்துக்கும் கீழே கிடந்த விற்பனை 2019இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஈப்போவை விட்டு வடக்கே போனால் மெனோரா சுரங்கப் பாதை. குன்றுகளுக்கு நடுவில் நீளமான ஏற்றம், லோரிகள் ஊர்ந்து போகும் இடம். மூன்று பேர், மூன்று பேரின் பெட்டிகள், கச்சாங் பூத்தே மூட்டை வேறு. இரண்டாவது கியருக்கு இறங்கி உறுமிக்கொண்டு ஏறியது சாகா. வெப்ப எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. அப்பா பின்சீட்டிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் தாண்டிப் பினாங்குப் பாலத்தில் ஏறினோம். 1985 ஆகஸ்டில் இந்தப் பாலத்தைத் திறந்துவைத்தபோது மகாதீர் தேசியக் கொடி கட்டிய சிவப்புச் சாகாவைத் தானே ஓட்டிக்கொண்டு கடந்தார். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த நாள் அப்பாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று அவரிடம் சைக்கிள்தான். "நம்ம ஊருல செஞ்ச காடி. நாமளும் ஒண்ணு வாங்கலாம்னு அன்னிக்குத்தான் முதல்ல தோணுச்சு" என்றார். தம்பி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தான்.

அப்படியானால் அந்தக் கெட்ட பெயர் நியாயமா? 2000 முதல் 2016 வரையிலான கார்கள் பலவற்றுக்கு நியாயம். அதிலும் டர்போ கேம்ப்ரோவுக்கும் சிவிடிக்கும் முழு நியாயம். அதற்கு முந்திய மிட்சுபிஷி வம்சத்துக்கு அநியாயம். 2019க்குப் பிந்திய சாகாவையும் அந்தப் பழைய பெயரை வைத்து ஒதுக்குவது அநியாயம்தான். ஆனால் பெயருக்குப் பயந்து அந்தச் சாகாவின் விலை குறைவாக இருப்பதால், பழைய காராக வாங்குபவருக்கு அது லாபம். மாமா கட்சியிடம் இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் மூன்று பேர் ஜென்-2க்குக் கடன் கட்டியவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அண்ணனிடம் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டிருக்கிறோம். இஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் நேரத்துக்கு மாற்றியதற்கான முத்திரைகள் அதில் இருந்தால், புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனை முடித்து, அடுத்த மாதம் தம்பி பெயருக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு.