என் வகுப்பைப் பார்க்க ஒருவர் வந்தார்

மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. பொது மருத்துவத் துறையில் ஆறு வருஷமாக உதவிப் பேராசிரியை. மாணவர்கள் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு நாலரைக்குக் கீழே நான் வாங்கியதில்லை. நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நம்பியிருந்தேன்.

போன வருஷம், சக ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு வந்து பார்க்க வேண்டும் என்று முடிவானது. எனக்கு வந்தவர் அனாட்டமியில் மூத்த மேடம். முந்தின நாளே, "நான் எதைப் பார்க்கணும்னு நீயே சொல்லும்மா" என்றார். அப்படிக் கேட்டதிலேயே என் பயம் பாதி போனது. "பசங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க மேடம்" என்றேன்.

வார்டில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தாத்தா ஒருவர். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. எட்டு மாணவர்கள். மேடம் கால்மாட்டில் நின்று குறித்துக்கொண்டே இருந்தார்.

மதியம் டீ குடிக்கும்போது நோட்டைக் காட்டினார். குறை, நிறை எதுவும் எழுதவில்லை, எல்லாம் எண்ணிக்கை. 40 நிமிஷத்தில் 23 கேள்வி. அதில் 17க்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். நீர் எங்கே இருக்கிறது என்று தாத்தாவின் முதுகில் விரலால் தட்டிப் பார்த்த மாணவர்கள் இரண்டே பேர். மருத்துவப் படிப்புக்கு 2019இல் வந்த திறன்சார் பாடத்திட்டம் மாணவர் தன் கையால் செய்ய வேண்டும் என்கிறது. நானோ, செய்த பயிற்சியைப் பதியும் லாக் புக்கில், எட்டுப் பேருக்கும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தாலே பதில் நீளும், பேசாதவர்களும் பேசுவார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டு சொல்லியிருக்கிறார். மனசுக்குள் மூன்று எண்ணப் பழகினேன். அந்த மௌனத்தைத் தாங்குவது லேசில்லை. மூச்சு வாங்கும் நோயாளியை எட்டுப் பேரும் தட்டக் கூடாது என்பதால், சம்மதம் கேட்டு, இரண்டிரண்டு பேராக வேறு வேறு கட்டிலுக்கு அனுப்பினேன். மேலூர்ப் பெண் ஒருத்தி, அதுவரை பேசியதே இல்லை, "கல்லைத் தட்டுற மாதிரி இருக்கு மேடம்" என்றாள். நீர் கோத்த இடத்தைத் தட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகமும் சொல்கிறது. அவள் விரலே அவளுக்குச் சொல்லிவிட்டது.

அடுத்த படிவத்தில் என் மதிப்பெண் நாலுக்கு இறங்கியது. "நிறைய கேள்வி கேட்கிறார், பயமாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதையும் எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அடுத்த மாதம் மறுபடி வருகிறார். இந்தத் தடவை, கேள்வி கேட்கும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.