சீட்டு நோட்டும் சிபில் மதிப்பெண்ணும்

மும்பையில் தாராவியை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் சிறுதொழில் கடன் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. 90 அடி சாலைப் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் நெல்லைத் தமிழ் பேசுகிறவர்கள். தோல் பை தைக்கிறார்கள், முறுக்கு சுற்றுகிறார்கள், விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் நகரெங்கும் அனுப்புகிறார்கள்.

இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அக்கா பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டு வந்தார். கணக்கு என்று அவர் நீட்டியது சீட்டு நோட்டை. மூலை மடங்கி, மாவுக் கறை படிந்த நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் மாதம், ஏலத்தில் போன தள்ளு (சீட்டை எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை), கட்டிய தொகை, சீட்டு பிடிக்கும் அண்ணாச்சியின் கையெழுத்து. கணவர் மருத்துவமனையில் கிடந்த மாதம்கூடத் தவணை தவறவில்லை. "சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் நின்றால் நாளைக்கு ஒரு கல்யாண வீட்டு வாசலை மிதிக்க முடியுமா, தம்பி?" என்றார்.

எங்கள் கணினியிலோ, முன்பு வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணே அவருக்கு இல்லை. பதிவாகாத சீட்டு என்பதால் அந்த நோட்டைக் கோப்பில் சேர்க்கவும் வழியில்லை.

சிறுதொழிலுக்குக் கடன் தர மத்திய அரசு 2015இல் கொண்டுவந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசு கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது. ஆனால் தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்று வேண்டும். தாராவியில் அந்தச் சான்றின் வேர் 1976 குடிசைக் கணக்கெடுப்பும் அதையொட்டிக் குடியிருப்பவருக்குத் தந்த, படம் ஒட்டிய அடையாள அட்டையான போட்டோ பாஸும்தான். அது கீழ்வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அக்காவின் அடுப்பு எரிவது இரும்பு ஏணி ஏறிப் போகும் வாடகை மாடியில்.

எழுதிய சட்டமும் எழுதாத வழக்கமும் சேர்ந்தே ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்துகின்றன என்று விளக்கிய பொருளாதார அறிஞர் டக்ளஸ் நார்த்துக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. தாராவியில் பாரத்தில் பெரும்பங்கைத் தூக்கியது வழக்கம். அதற்காக வழக்கத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சீட்டில் ஆள் சேர்க்கும்போது ஊர் பார்க்கிறார்கள், சாதியும் பார்க்கிறார்கள். அதே சந்தில் தைக்கும் உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு அங்கே இடமில்லை. கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்காகப் பொறுப்பேற்க ஓர் ஆண் வர வேண்டும். அக்கம்பக்கத்துப் பணம் கிரைண்டருக்கு எட்டும். நாலு பேருக்கு வேலை தரும் பட்டறைக்கு எட்டாது. சட்டத்துக்கு உட்பட்ட கடன் அங்கேதான் வர வேண்டும். அங்கேதான் அது கதவு எண் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

நான் ஏணி ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆவி மூட்டத்துக்கு நடுவே தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. இட்லி வாங்கும் கடைக்காரர்களிடம் கொள்முதல் விவரம் எழுதி வாங்கி, ஆய்வறிக்கையோடு இணைத்தோம். கடன் கிடைத்தது, தவணையும் ஒழுங்காக வருகிறது.

இப்போதைய மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான். அண்ணாச்சியின் சீட்டு அத்தனை தூரம் கூடவே போகாது. அதற்குள் மாடிவாசிகள் எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்குச் சிசு கடன் கொடுத்து, அவர்கள் சொந்தப் பெயரில் ஒரு கடன் வரலாற்றைத் தொடங்கிவிட வேண்டும் என்று கிளையில் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.